வைத்தியரின் எலும்புகள்: 'சேவை' என்கிற சொல் பற்றிச் சில குறிப்புகள்

1580 டிசம்பர் 4ஆம் தேதி கோவாவில் ஒரு டாக்டரின் எலும்புகளைக் கல்லறையிலிருந்து தோண்டியெடுத்து எரித்தார்கள். அவர் செத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. எரித்தது மத விசாரணை மன்றம், அதாவது இன்குவிசிஷன். ஞானஸ்நானம் பெற்ற கிறித்தவராக வெளியே வாழ்ந்தபடி உள்ளுக்குள் யூதராகவே இருந்தார் என்பது குற்றம். பெயர் கார்சியா த ஓர்த்தா. 1534இல் லிஸ்பனிலிருந்து கப்பலேறிக் கோவா வந்து, 1568இல் சாகிறவரை முப்பத்து நாலு வருஷம் அங்கே குடியேறியிருந்த போர்த்துகீசியச் சமூகத்துக்கு வைத்தியம் பார்த்தவர். கவர்னர்களும் வைஸ்ராய்களும் அவரிடம் நாடி காட்டியவர்கள்.

1971இல் போர்ச்சுகல் வெளியிட்ட 20 எஸ்குதோ நோட்டில் இதே ஆளின் உருவம் இருந்தது. 1991இல் லிஸ்பனுக்கு எதிர்க்கரையில் அல்மாதா நகரில் திறந்த அரசு மருத்துவமனைக்கு இவர் பெயரை வைத்தார்கள். பணஜியில் ஒரு நகராட்சிப் பூங்காவும் இவர் பெயரில் உண்டு.

எலும்பை எரித்ததும் நோட்டில் முகத்தை அச்சடித்ததும் ஒரே அரசின் வரலாறுதான். இதற்கு வழக்கமாகத் தரப்படுகிற விளக்கம் சுலபமானது: அப்போது மதவெறி இருந்தது, பிறகு அறிவு வந்தது, தவறு திருத்தப்பட்டது. பெருங்கதையாடல்கள் தம் பழைய பாக்கியை இப்படித்தான் தீர்த்துக்கொள்கின்றன. இந்தக் கட்டுரை வேறொன்றைச் சொல்லப் பார்க்கிறது. ஓர்த்தாவை எரித்தவர்களும் பாராட்டியவர்களும் ஒரே அளவுகோலால்தான் அளந்தார்கள். 'இவரால் நமக்கு என்ன பயன்?' என்பது அந்த அளவுகோல். நல்ல வார்த்தையில் சொன்னால் 'சேவை'. அகதிகளுக்காகவும் குடியேறியவர்களுக்காகவும் பேசும்போது நாமும் அதையேதான் கையில் எடுக்கிறோம். நானூற்றைம்பது வருஷத்துக்கு முந்திய ஒரு வைத்தியரின் கதை நமக்கு வேண்டியிருப்பது அதனால்தான்.

1. யார் போர்த்துகீசியர்?

'போர்த்துகீசியச் சமூகம்' என்று எழுதும்போது அது ஏதோ கல்லில் செதுக்கிவைத்த ஒன்று மாதிரித் தோன்றுகிறது. கொஞ்சம் கட்டுடைத்துப் பார்க்கலாம்.

ஓர்த்தாவின் பெற்றோர் ஸ்பெயின் நாட்டு யூதர்கள். 1492இல் ஸ்பெயின் தன் யூதர்களை வெளியேற்றியபோது எல்லை தாண்டிப் போர்ச்சுகலின் கஸ்தேலு த வீத் என்ற சின்ன ஊரில் குடியேறினார்கள். அங்கேயும் நிம்மதி இல்லை. 1496இல் மன்னர் மனுவேல் யூதர்கள் வெளியேற வேண்டும் என்று ஆணையிட்டார். ஆனால் அவர்களுடைய தொழிலும் வரியும் நாட்டுக்குத் தேவைப்பட்டன. ஆகவே 1497இல் அவர்களைப் போகவும் விடாமல், யூதராக இருக்கவும் விடாமல், கட்டாய ஞானஸ்நானம் கொடுத்தார்கள். அன்றிலிருந்து அவர்கள் 'புதுக் கிறித்தவர்கள்'. மற்றவர்கள் 'பழைய கிறித்தவர்கள்'. இரண்டுக்கும் நடுவே 'ரத்தத் தூய்மை' என்ற கோடு. எத்தனை தலைமுறை போனாலும் புதியவர் புதியவர்தான்.

நமக்கு இது புரியாத ஏற்பாடு இல்லை. சாதிக்கு ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் 'காஸ்ட்' என்ற சொல்லே போர்த்துகீசியரின் 'காஸ்தா'விலிருந்து போனது. இனம், பிறப்பு, கால்வழி என்பது அதன் பொருள். ஓர்த்தா 1563இல் எழுதிய புத்தகத்திலேயே அந்தச் சொல் இந்தியச் சமூகத்தை விவரிக்கப் பயன்படுகிறது. அப்பன் தொழிலை விட்டு மகன் மாறுவதில்லை என்று ஆச்சரியப்படுகிறார் அவர். தன் சொந்த நாட்டில் பிறப்பின் கறையைச் சுமந்தவர், இங்கே அடுத்தவன் பிறப்பை விவரிக்கிற இடத்தில் உட்கார்ந்திருக்கிறார். இந்த முரணைப் பிடித்துவைத்துக்கொள்வோம். பின்னால் தேவைப்படும்.

1506இல் லிஸ்பனில் ஒரு கலவரம். சில நாட்களுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட புதுக் கிறித்தவர்கள் கொல்லப்பட்டார்கள். ஓர்த்தா அப்போது சிறுவன். பிறகு சலமான்காவிலும் அல்கலாவிலும் படித்து டாக்டரானார். லிஸ்பன் பல்கலைக்கழகத்தில் பாடமும் நடத்தினார். 1532இல் புதுக் கிறித்தவர்கள் நாட்டைவிட்டு வெளியேறத் தடை வந்தது. 1534 மார்ச்சில் ஓர்த்தா கிளம்பிவிட்டார். எப்படி? மார்த்திம் அஃபோன்சு த சூசா என்ற பிரபு கடற்படைத் தளபதியாக இந்தியா வந்தார். அவருடைய சொந்த வைத்தியராக இவர் கப்பலேறினார். இரண்டு வருஷம் கழித்து, 1536இல், போர்ச்சுகலுக்கு இன்குவிசிஷன் வந்தது. வைத்தியம் அவருக்குத் தொழில் மட்டுமல்ல. நெருப்பு வருவதற்கு முந்தி ஊரைவிட்டு வெளியேற வாய்த்த அனுமதிச் சீட்டும் அதுதான்.

இதே சலமான்காவில் படித்த இன்னொரு புதுக் கிறித்தவ டாக்டரையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அமாத்து லுசித்தானு. லுசித்தானு என்றால் போர்த்துகீசியன் என்றே பொருள். இவர் கிழக்கே வராமல் ஆன்ட்வெர்ப், ஃபெர்ராரா, ஆன்கோனா என்று போனார். போப்பாண்டவர் மூன்றாம் ஜூலியஸுக்கே வைத்தியம் பார்த்தவர். நூறு நூறாக ஏழு தொகுதிகளில் எழுநூறு நோயாளிகளின் சரித்திரங்களை எழுதியவர். 1555இல் நான்காம் பவுல் போப்பாண்டவர் ஆனதும் ஆன்கோனா துறைமுகத்தில் இருந்த போர்த்துகீசிய யூதர்கள்மீது கைவைத்தார். அடுத்த வருஷம் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் எரிக்கப்பட்டார்கள். அமாத்து தப்பியோடினார், கடைசியில் துருக்கியர் ஆட்சியிலிருந்த தெசலோனிக்கி போய்ச் சேர்ந்தார். பணக்காரன் ஏழை என்றோ, யூதன் கிறித்தவன் முஸ்லிம் என்றோ பார்க்காமல் வைத்தியம் செய்தேன் என்று 1559இல் அங்கிருந்து ஓர் உறுதிமொழி எழுதினார். அவர் செத்ததும் 1568இல்தான். ஊரில் கொள்ளைநோய்.

விஷயம் என்னவென்றால், ஐரோப்பியத் துறைமுகங்களில் அந்தக் காலத்தில் 'போர்த்துகீசியன்' என்று சொன்னாலே யூதன் என்று அர்த்தம் பண்ணிக்கொண்டார்கள். தாய்நாட்டில் எவனைப் போர்த்துகீசியனாக ஏற்கவில்லையோ, அவனுக்கு வெளியே போனதும் அதுவே பெயராகிவிட்டது. அமாத்து சேவை செய்த 'வெளிநாட்டுப் போர்த்துகீசியச் சமூகம்' துரத்தப்பட்டவர்களுடையது. ஓர்த்தா சேவை செய்தது துரத்தியவர்களுக்கு. அமாத்துவும் துரத்தப்பட்டார்தான். ஆனால் அவருடைய நோயாளிகளும் அவரும் ஒரே படகில் இருந்தார்கள். ஓர்த்தாவுக்கு அந்த ஆறுதலும் கிடையாது.

2. நோயும் கஞ்சியும்

கோவாவை அல்புகெர்க் 1510இல் பிடித்தார். கூடவே ஓர் அரசு மருத்துவமனையும் வந்துவிட்டது. பேரரசு என்றால் முதலில் உடல்கள் வேண்டும். மாதக்கணக்கில் கடலில் கிடந்து, ஈறு அழுகி, காய்ச்சலோடு இறங்குகிற சிப்பாய் உடல்கள். இவற்றை எழுப்பி நிறுத்தாவிட்டால் கோட்டை நிற்காது. பதினேழாம் நூற்றாண்டின் முதல் முப்பது வருஷத்தில் மட்டும் அந்த மருத்துவமனையில் 25,000 சிப்பாய்கள் செத்ததாக ஒரு மதிப்பீடு உண்டு. ஓர்த்தா வந்தது இதற்கு முந்திய தலைமுறையில். ஆனால் நிலைமையின் சாயல் அதுதான்.

சலமான்காவில் படித்த காலெனும் தியோஸ்கோரிதெஸும் இந்த நோய்களுக்குப் போதவில்லை. ஓர்த்தா சந்தைக்குப் போனார், கேட்டார், தின்று பார்த்தார், தோட்டம் போட்டார். அகமத்நகர் சுல்தான் புர்ஹான் நிஜாம் ஷாவுக்கும் வைத்தியம் பார்த்தார். சுல்தானின் அரண்மனை வைத்தியர்களோடு உட்கார்ந்து மருந்துகளுக்கு அரபு மொழியில் என்ன பெயர், இந்த ஊரில் என்ன பெயர் என்று சரிபார்த்தார். 1563 ஏப்ரலில் கோவாவில் அச்சான அவருடைய 'உரையாடல்கள்' இந்தச் சரக்கெல்லாம் சேர்ந்த புத்தகம். ஐம்பதுக்கும் மேற்பட்ட உரையாடல்கள். மாம்பழம், தேங்காய், அபின், ஊமத்தை, பெருங்காயம், மிளகு, வெற்றிலை என்று ஒவ்வொன்றும். கவிஞர் கமோயின்ஷின் கவிதை முதன்முதலாக அச்சேறியதும் இந்தப் புத்தகத்தின் முன்பக்கங்களில்தான்.

பேசிக்கொள்பவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஓர்த்தா. இன்னொருவர் ருவானு, ஸ்பெயினிலிருந்து புதிதாக வந்திறங்கிய டாக்டர், கற்பனைப் பாத்திரம். ருவானு ஏட்டை நீட்டுகிறார், ஓர்த்தா அனுபவத்தை எடுத்துவைக்கிறார். உண்மையில் இரண்டும் ஒரே தன்னிலையின் இரண்டு பாதிகள்தான். ஸ்பெயினில் இருந்திருந்தால் கிரேக்கர்களுக்கு எதிராக ஒரு வார்த்தை பேசத் துணிந்திருக்க மாட்டேன் என்ற பொருளில் ஓர்த்தா ஓரிடத்தில் சொல்கிறார். காலெனை மறுக்க மட்டுமா தூரம் தேவைப்பட்டது? இந்த இடத்தை அவருடைய பிறப்பு தெரிந்த பிறகு வாசிக்கும்போது வாக்கியத்துக்குள் இன்னொரு வாக்கியம் கேட்கிறது.

புத்தகத்தின் புகழ்பெற்ற பகுதி காலரா பற்றியது. கொங்கணி, மராத்தி வழக்கில் இருந்த பெயரைக் காதால் கேட்டு 'மொர்தெஷி' என்று எழுதிக்கொள்கிறார். வாந்தி, பேதி, உள்வாங்கிப்போன கண், நரம்பு இழுப்பு, ஒடுங்குகிற நாடி எல்லாவற்றையும் பக்கத்தில் நின்று பார்த்தவன் எழுதுகிற மாதிரி எழுதுகிறார். இவ்வூர் வைத்தியர்கள் என்ன கொடுக்கிறார்கள் என்றும் சொல்கிறார்: மிளகும் சீரகமும் போட்ட அரிசிக் கஞ்சி. அந்தச் சொல்லையே எழுதுகிறார், 'கன்ஜெ' என்று. பாதத்தில் சூடு போடுவதையும் சொல்கிறார்.

இன்றைக்கும் போர்ச்சுகலில் காய்ச்சல்காரனுக்குக் கோழி சூப்பில் அரிசி போட்டுக் கொடுப்பார்கள். பெயர் 'கான்ஜா'. நம்ம கஞ்சிதான், மலையாளக் கரை வழியாகப் போனது. வெற்றிலையும் அப்படியே: மலையாள 'வெற்றில' போர்த்துகீசியர் வாயில் 'பெத்ரெ', 'பெத்தெல்' ஆகி உலகம் சுற்றியது. பேரரசின் வயிற்றுவலிக்கு மருந்து எந்த அடுப்பிலிருந்து போனது என்பதற்குச் சொற்களே சாட்சி.

3. சேவைக்குக் கீழே ஒரு சேவை

இங்கே நிறுத்திவிட்டால் ஓர்த்தாவைப் பற்றி எழுதப்பட்ட நூறு பாராட்டுரைகளில் இதுவும் ஒன்றாகிவிடும். பிரதியின் ஓரங்களில் நிற்பவர்களைப் பார்க்க வேண்டும்.

அந்தோனியா என்று ஒருத்தி வருகிறாள். ஓர்த்தாவின் வீட்டு அடிமைப் பெண். ருவானுவுக்கு ஒரு பழத்தைக் காட்ட வேண்டும், ஒரு செடியைக் காட்ட வேண்டும் என்றால் அவளைக் கூப்பிடுகிறார்கள். கொண்டுவருகிறாள், கேட்டதற்குப் பதில் சொல்கிறாள், போகிறாள். மாலுப்பா என்று ஓர் இந்து வைத்தியர் வருகிறார். அவர் தன் முறையைச் சொல்கிறார், ஓர்த்தா எழுதிக்கொள்கிறார். இவர்கள் பேசுவது சில வரிகள்தான். ஆனால் அந்தச் சில வரிகள் இல்லையென்றால் புத்தகமே இல்லை. எந்தச் செடி எங்கே முளைக்கிறது, எதை எப்படி இடிப்பது, எது விஷம், எது முறிப்பு என்பது அவர்கள் கையில் இருந்த அறிவு. அது 'தகவல்' ஆகி மேலே போகிறது. மேலே போனதும் ஓர்த்தாவின் 'கண்டுபிடிப்பு' ஆகிறது.

இன்னும் ஒரு படி மேலே போனால் என்ன ஆகிறது என்று பாருங்கள். 1567இல் ஆன்ட்வெர்ப்பில் தாவரவியலாளர் க்ளூசியஸ் இந்தப் புத்தகத்தை லத்தீனில் சுருக்கி வெளியிட்டார். ஐரோப்பா ஓர்த்தாவைப் படித்தது பெரும்பாலும் இதன் வழியாகத்தான். சுருக்கும்போது உரையாடல் வடிவம் போய்விட்டது. ருவானு போனார், அந்தோனியா போனாள், மாலுப்பா போனார். செடியும் அதன் குணமும் மட்டும் மிஞ்சின. ஓர் அடிமைப் பெண்ணின் குரலை அழிக்கக் கத்தி வேண்டியதில்லை, நல்ல பதிப்பாசிரியர் போதும். அறிவியல் மொழியின் 'புறவயத்தன்மை' எப்படி உற்பத்தியாகிறது என்பதற்கு இதைவிடச் சின்ன, தெளிவான உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

ஓர்த்தா ஒன்றும் அறியாத ஆள் இல்லை. மருந்துச் சரக்கும் ரத்தினமும் வியாபாரம் பண்ணினார். பம்பாய்த் தீவை வருஷக் குத்தகைக்கு அரசிடமிருந்து வாங்கினார். தன் தீவின் மாம்பழத்தைப் பெருமையாகச் சொல்கிறார். அடிமைகள் வைத்திருந்தார். இந்த மண்ணின் மக்கள்மீது ஏளனம் தெறிக்கிற இடங்களும் புத்தகத்தில் இருக்கின்றன. பேரரசால் துரத்தப்பட்டவரும் பேரரசால் வாழ்ந்தவரும் ஒரே ஆள்தான். விளிம்புநிலை என்றால் கறையில்லாத இடம் என்று எண்ணிக்கொள்கிற நம் தோழர்களுக்கு இது சங்கடமான உதாரணம். சங்கடமாகவே இருக்கட்டும்.

உள்ளூர் வைத்தியர்களுக்கு என்ன நடந்தது? 1567இல் கோவாவில் கூடிய திருச்சபை மாமன்றம், கிறித்தவர்கள் பிற மத வைத்தியரிடமும் மருத்துவச்சியிடமும் போகக் கூடாது என்றது. 1618இல் கோவா நகரசபை இந்து வைத்தியர்களின் எண்ணிக்கையை முப்பதுக்குள் நிறுத்தி, தேர்வும் உரிமமும் வேண்டும் என்றது. ஆனால் வைஸ்ராய்களும் பாதிரிமார்களும் உடம்புக்கு வந்தால் பண்டிதர்களைத்தான் கூப்பிட்டார்கள். சட்டத்தில் விலக்கு, படுக்கையறையில் அழைப்பு. தீட்டும் தேவையும் ஒரே கையில் இருக்கிற இந்த ஏற்பாட்டை நம்ம ஊர்க்காரனுக்கு விளக்க வேண்டியதில்லை. பிரசவம் பார்க்க வருகிற மருத்துவச்சியையும் சவரம் செய்து கட்டுப்போடுகிற மருத்துவரையும் ஊர் எங்கே நிறுத்தியிருந்தது என்பது நமக்குத் தெரியும்.

4. எழுதாத ஒப்பந்தம்

ஓர்த்தாவுக்கும் கோவாவின் ஆளும் வர்க்கத்துக்கும் நடுவே எழுதாத ஓர் ஒப்பந்தம் இருந்தது. நீ எங்களைக் காப்பாற்று, உன் வீட்டுக்குள் என்ன நடக்கிறதென்று நாங்கள் கேட்க மாட்டோம். இதன் எல்லை எங்கே என்று அவருக்குச் சீக்கிரமே காட்டப்பட்டது.

1543இல் கோவாவில் ஒரு புதுக் கிறித்தவரை யூத நம்பிக்கைக்காகத் தண்டித்தார்கள். பெயர் ஜெரோனிமு தியாஸ். அவரும் டாக்டர்தான். கழுத்தை நெரித்துக் கொன்று, பிறகு உடலை எரித்தார்கள். கோவாவில் இன்குவிசிஷன் மன்றம் ஏற்பட இன்னும் பதினேழு வருஷம் இருந்தது. அதற்கு முன்பே இது நடந்தது. அப்போது கவர்னர் யார் தெரியுமா? மார்த்திம் அஃபோன்சு த சூசா. ஓர்த்தாவைக் கப்பலில் கூட்டிவந்த அதே புரவலர். ஓர்த்தா அந்த ஊரில்தான் இருந்தார். அவர் புத்தகத்தில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆயிரம் செடி கொடிகளைப் பற்றிப் பேசுகிற ஒருவருடைய மௌனத்தையும் பிரதியின் பகுதியாகத்தான் வாசிக்க வேண்டும்.

1547இல் லிஸ்பனில் அவருடைய சகோதரிகள் விசாரணைக்குப் பிடிபட்டு வெளியே வந்தார்கள். 1549இல் தாயும் சகோதரிகளும் கோவா வந்து சேர்ந்தார்கள். 1560இல் கோவாவுக்கும் மன்றம் வந்தது. 1563 புத்தகத்தின் தலைப்புப் பக்கத்தைப் பார்த்தால் ஒரு விவரம் உறுத்துகிறது. அரசரின் வைத்தியர் ஓர்த்தா எழுதியது என்று போட்டு, இன்குவிசிட்டர் அலெய்ஷு தியாஸ் ஃபல்காவுன் பார்வையிட்டது என்றும் போட்டிருக்கிறது. வைத்தியரும் விசாரணை அதிகாரியும் ஒரே பக்கத்தில்.

1568இல் ஓர்த்தா செத்தார். ஒப்பந்தமும் செத்தது. சீக்கிரமே சகோதரி கத்தரினாவைப் பிடித்தார்கள். அவளுடைய கணவனே ஓர்த்தாவின் நம்பிக்கைகளைப் பற்றி வாக்குமூலம் கொடுத்தான். 1569 அக்டோபர் 25ஆம் தேதி கத்தரினாவை உயிரோடு எரித்தார்கள். பதினொரு வருஷம் கழித்து அண்ணனின் எலும்புகளைத் தோண்டினார்கள்.

முப்பத்து நாலு வருஷச் சேவை ஏன் அந்த எலும்புகளைக் காப்பாற்றவில்லை? 'நன்றிகெட்டவர்கள்' என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் இதில் நன்றிகெட்டதனம் எதுவும் இல்லை, கணக்குச் சுத்தமாகத்தான் இருக்கிறது. அவர் உயிரோடு இருந்து வைத்தியம் பார்த்தவரை விலை கொடுத்தார்கள். விலை என்பது அவரைத் தொடாமல் விட்டது. செத்தவன் நாடி பார்க்க மாட்டான். பயன் முடிந்தது, விலையும் நின்றது. சேவை செய்கிறவனைச் சமூகம் பொறுத்துக்கொள்கிறது. பொறுத்துக்கொள்வது வேறு, தன்னவன் என்று ஏற்பது வேறு. முதலாவதை எந்த நிமிஷமும் திருப்பி வாங்கிவிடலாம்.

5. நோட்டில் முகம்

பாராட்டின் வரலாறும் இதே தர்க்கத்தில்தான் ஓடுகிறது. 1886இல் ஃபிகாலியு பிரபு ஓர்த்தாவின் வாழ்க்கை வரலாற்றை எழுதி அவரை மீட்டெடுத்தார். அந்த ஓர்த்தா நல்ல போர்த்துகீசியர், மறுமலர்ச்சிக்கால அறிவாளி. எலும்புகள் எரிந்த கதை அதில் இல்லை, அப்போது அது வெளியே வரவேயில்லை. 1934இல் சில்வா கர்வாலியு என்ற ஆய்வாளர் இன்குவிசிஷன் ஆவணங்களை வெளியிட்டபோதுதான் கத்தரினாவின் வழக்கும் அண்ணனின் எலும்புகளும் வெளிச்சத்துக்கு வந்தன.

அதற்குப் பிறகாவது உருவம் மாறியதா? 1953இல் சலசார் ஆட்சியில் போர்ச்சுகலின் காலனி ஆய்வு வாரியம் ஓர் ஆய்விதழ் தொடங்கியது. அதன் பெயர் 'கார்சியா த ஓர்த்தா'. 1961இல் கோவா கையைவிட்டுப் போனது. பத்து வருஷம் கழித்து, ஆப்பிரிக்காவில் காலனி யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது, 20 எஸ்குதோ நோட்டில் அவர் முகம். இந்தியாவையும் ஆப்பிரிக்காவையும் 'கடல்கடந்த மாநிலங்கள்' என்று சொல்லிக்கொண்ட அரசுக்கு, வெப்பமண்டலத்தில் அமைதியாக வைத்தியம் பார்க்கிற ஒரு போர்த்துகீசியர் தேவைப்பட்டார். செத்து நானூறு வருஷத்துக்குப் பிறகும் ஓர்த்தா வேலை செய்துகொண்டிருந்தார். அவர் யூதர் என்பது தெரிந்த பிறகும் நோட்டில் போட்டதை முன்னேற்றம் என்று சொல்லலாம். பயன் திரும்பி வந்தது, விலையும் திரும்பி வந்தது என்றும் சொல்லலாம்.

1989இல் ஜனாதிபதி மாரியு சுவாரெஸ் யூதர்களிடம் மன்னிப்புக் கேட்டார். கேட்ட இடம் கஸ்தேலு த வீத், ஓர்த்தா பிறந்த ஊர். 1996இல் நாடாளுமன்றம் 1496ஆம் வருஷ வெளியேற்ற ஆணையை அடையாளபூர்வமாக ரத்து செய்தது. துரத்தப்பட்ட யூதர்களின் சந்ததியாருக்குக் குடியுரிமை தரும் சட்டம் 2013இல் நிறைவேறி 2015இல் நடைமுறைக்கு வந்தது. இவற்றைச் சும்மா ஒதுக்க முடியாது. இவை சேவைக்கு நன்றி சொல்லவில்லை, அநியாயத்தை அநியாயம் என்று சொல்கின்றன. வித்தியாசம் பெரியது. என்ன பிரச்சினை என்றால், அந்தோனியாவின் சந்ததியாருக்கு அப்படி ஒரு மன்னிப்பும் சட்டமும் எங்கே என்று கேட்டால் அந்த மேடையில் பதில் இல்லை.

6. தொண்டு, ஊழியம், சேவை

இதில் தமிழுக்கு ஒரு நேரடிப் பங்கு உண்டு. தமிழ் எம்.ஏ. படித்தவர்கள் எல்லாரும் 'ஐரோப்பியர் தமிழ்த்தொண்டு' என்ற தலைப்பைத் தாண்டித்தான் வந்திருக்கிறோம். அதில் முதலில் நிற்பவர் அண்டிறீக்கி அடிகளார், அதாவது ஹென்ரீக் ஹென்ரீக்கஸ். 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' அவர் செய்தது. ஓர்த்தாவின் புத்தகத்துக்குப் பதினைந்து வருஷம் பின்னால், அதே பேரரசின் அச்சுப் பொறியில். முத்துக்குளித்துறைப் பரதவர் மத்தியில் வாழ்ந்து, தமிழுக்கு இலக்கணமும் எழுதியவர். பரீட்சைக்கு இதெல்லாம் மனப்பாடம்.

பாடத்தில் வராதது ஒன்று. அண்டிறீக்கியும் யூத வம்சாவளிப் புதுக் கிறித்தவர்தான். முதலில் பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்தார். அவருடைய ரத்தம் தெரியவந்ததும் வெளியேற வேண்டியதாயிற்று. பிறகு இயேசு சபை அவரை எடுத்துக்கொண்டது. அவர் சாவதற்கு ஏழு வருஷம் முன்னால், 1593இல், அந்த இயேசு சபையும் யூத, முஸ்லிம் வம்சத்தார் இனி உள்ளே வரக் கூடாது என்று விதி போட்டது. நாற்பது வருஷத்துக்கும் மேலாகத் தமிழ்க்கரையில் கிடந்து உழைத்த ஆளின் கண்முன்னே, அவர் மாதிரி ஆட்களுக்குக் கதவு சாத்தப்பட்டது. 'தமிழ்த்தொண்டு' என்று நாம் பட்டியல் போடும்போது அந்தத் தொண்டுக்குள் இருந்த இந்த நெருக்கடி காணாமல் போகிறது. தொண்டு செய்தாரா, எத்தனை புத்தகம், எத்தனை பக்கம் என்பது மட்டும் மிஞ்சுகிறது. க்ளூசியஸ் செய்த அதே வேலையைத்தான் நம் பாடத்திட்டமும் செய்கிறது.

நம் மொழியிலேயே இந்தச் சொற்களின் பழைய முகம் தெரிகிறது. 'தொண்டு' என்றால் அடிமைத்தனம் என்றும் பொருள் உண்டு. 'ஊழியம்' என்று சபையில் சொன்னால் புனிதமான பணி. அதே சொல்லைத் திருவிதாங்கூரில் சொன்னால், கீழ்ச்சாதிக்காரர்களிடம் கூலியில்லாமல் வாங்கிய கட்டாய வேலை. புனிதத்துக்கும் கட்டாயத்துக்கும் ஒரே சொல் போதுமானதாக இருந்திருக்கிறது.

இப்போது நம் விஷயத்துக்கு வருகிறேன். அகதிகளை, குடியேறியவர்களைத் துரத்த வேண்டும் என்று யாராவது பேசினால் நாம் என்ன பதில் சொல்கிறோம்? அவர்கள் எவ்வளவு உழைத்தார்கள், எத்தனை டாக்டர்களைத் தந்தார்கள், எவ்வளவு வரி கட்டுகிறார்கள், இந்த நாட்டுக்கு என்னென்ன செய்தார்கள் என்று பட்டியல் போடுகிறோம். கூட்டத்தில் பேச வசதியான வாதம்தான். கைதட்டலும் வரும். ஆனால் இந்த வாதம் எதிராளியின் அளவுகோலை அப்படியே ஒப்புக்கொள்கிறது. பயன்படுகிறவன் இருக்கலாம் என்று சொல்லிவிட்டால், பயன்படாதவன் போகலாம் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம்.

கத்தரினாவை நினைத்துப் பாருங்கள். அவள் எந்த வைஸ்ராயின் நாடியும் பார்க்கவில்லை. புத்தகம் எழுதவில்லை. காலராவுக்குப் பெயர் வைக்கவில்லை. அவள் பெயரில் மருத்துவமனை இல்லை, பூங்கா இல்லை, நோட்டில் முகம் இல்லை. கோவாவின் போர்த்துகீசியச் சமூகத்துக்கு அவள் செய்த சேவை என்று காட்ட ஒன்றும் இல்லை. ஓர்த்தாவின் எலும்புகளை எரித்தது ஏன் தப்பு என்று கேட்டால் சட்டென்று பதில் வருகிறது: எவ்வளவு பெரிய டாக்டர்! கத்தரினாவை எரித்தது ஏன் தப்பு என்று கேட்டால், சேவை என்ற சொல்லை வைத்துக்கொண்டு நம்மால் ஒரு வாக்கியமும் சொல்ல முடியாது. வேறு சொல் வேண்டும். அவள் அந்த ஊரில் வாழ்ந்தாள், வாழ அவளுக்கு உரிமை இருந்தது என்பதிலிருந்து தொடங்குகிற சொல். அண்ணனுக்கான நியாயத்தையும் அந்தோனியாவுக்கான நியாயத்தையும் அங்கிருந்துதான் பேச முடியும்.